பாஸ்வேர்ட் மேனேஜரை நம்பலாமா? என்கிட்ட திரும்ப திரும்ப கேக்குற கேள்விங்களும் என் பதிலும்

வீட்லயோ ஆபீஸ்லயோ யாருக்காவது அக்கவுண்ட் போச்சுன்னா, லாகின் ஆகலன்னா என்னை தான் கூப்பிடுவாங்க. நாலஞ்சு வருஷமா இதே சந்தேகங்க தான் வேற வேற ஆளுங்ககிட்ட இருந்து வருது, அதான் ஒரே இடத்துல எழுதி வெச்சுட்டேன், யாருக்கு வேணும்னாலும் அனுப்பலாம். கேள்விய அவங்க கேட்ட மாதிரியே போட்டிருக்கேன். மேல இருந்து படிச்சுட்டு வாங்க, ஏன்னா மேல சொன்னதை கீழ திரும்ப சொல்லல.

தம்பி, இந்த பாஸ்வேர்ட் மேனேஜர்ங்கறது என்னப்பா? சுருக்கமா சொல்லு.

உங்க பாஸ்வேர்ட் எல்லாத்தையும் பூட்டி வைக்கிற ஒரு பெட்டி. அதை திறக்க ஒரே ஒரு பாஸ்வேர்ட், மாஸ்டர் பாஸ்வேர்ட்னு பேரு, அதை மட்டும் நீங்க மனசுல வெச்சுக்கணும். மத்ததை எல்லாம் அதுவே உருவாக்கும், அதுவே ஞாபகம் வெச்சுக்கும், லாகின் பேஜ் வந்தா அதுவே நிரப்பும். 20 எழுத்துல தலையும் புரியாம வாலும் புரியாம ஒரு பாஸ்வேர்ட் போட்டு வைக்கும், நீங்க அதை படிக்கவே வேண்டியதில்ல.

எனக்கு என் பாஸ்வேர்ட் எல்லாம் மனப்பாடம், அப்புறம் எனக்கு எதுக்கு இது?

எல்லாம் மனப்பாடம்னா பெரும்பாலும் என்ன அர்த்தம்னா, ஒரே பாஸ்வேர்டை தான் பத்து இடத்துல போட்டிருக்கீங்க, கடைசில ஒரு நம்பரோ ஒரு @ குறியோ மட்டும் மாறியிருக்கும். நான் பக்கத்துல உக்காந்து பாத்த அத்தனை பேர்கிட்டயும் இது தான் நடந்திருந்துச்சு. இதுல ஆபத்து எங்கன்னா, எப்பவோ ஒரு சின்ன சைட்ல பதிவு பண்ணி மறந்தே போயிருப்பீங்க, அந்த சைட் லீக் ஆகும், அந்த லிஸ்டை எடுத்து புரோகிராம் போட்டு உங்க மெயில், சோஷியல் மீடியா, பேங்க்னு எல்லா வாசல்லயும் போட்டு பாப்பாங்க. எந்த வாசல் திறக்குதோ அது அவங்களோடது.

2023-ல 23அண்ட்மீங்கற டிஎன்ஏ டெஸ்ட் கம்பெனில நடந்தது இது தான். வேற சைட்கள்ல இருந்து லீக்கான பாஸ்வேர்டை வெச்சு சுமார் 14,000 அக்கவுண்ட்டை திறந்தாங்க, அங்க சொந்தக்காரங்களை கண்டுபிடிக்கிற வசதி ஒண்ணு இருந்ததால அந்த வழியா சுமார் 69 லட்சம் பேரோட விவரம் வெளிய போச்சு. அந்த 14,000 பேரும் அங்க மட்டும் வேற பாஸ்வேர்ட் வெச்சிருந்தா அந்த கதவு திறந்திருக்காது. ஒரு இடத்துக்கு ஒரு பாஸ்வேர்ட், இது தான் இங்க நான் சொல்ல வர்றது, அதை மனுஷ மூளையால செய்ய முடியாதுங்கறதால தான் இந்த பெட்டி.

எல்லா சாவியையும் ஒரே கொத்துல போட்டா, கொத்து தொலைஞ்சா எல்லாமே போச்சே?

நியாயமான பயம், இதை கேக்காம யாரும் இருந்ததில்ல. ஆனா இப்பவே உங்ககிட்ட ஒரு கொத்து இருக்கு, கவனிச்சீங்களா? உங்க இமெயில். எந்த சைட்லயும் 'ஃபர்காட் பாஸ்வேர்ட்' அமுத்தினா லிங்க் அங்க தான் வருது. மெயில் யார் கைல போகுதோ அவங்க கைல மத்ததும் போகும். அந்த மெயிலுக்கும் உங்க பழைய பொது பாஸ்வேர்ட் தான் இருக்குன்னா கொத்து ஏற்கனவே வாசல்ல தொங்கிட்டு இருக்கு.

மேனேஜர்ல அந்த கொத்தை ஒரு நல்ல பூட்டுக்கு பின்னாடி வைக்கிறோம், அவ்ளோ தான். ஆபத்து பூஜ்யம் ஆகாது. பத்து பலவீனமான பூட்டை காவல் காக்குறதுக்கு பதில் ஒரு பலமான பூட்டை காவல் காக்குறது நம்மால முடியும்.

நான் நோட்ல எழுதி பீரோவுல வெச்சிருக்கேன், அது தப்பா?

தப்பே இல்ல, எங்க அத்தைக்கு நானே அது தான் சொன்னேன். இன்டர்நெட்ல இருந்து யாரும் உங்க பீரோவை திறக்க முடியாது. குறை என்னன்னா நோட்டை பாத்து டைப் அடிக்கணுமேன்னு சின்னதா சுலபமா வெச்சுடுவோம், வெளியூர் போனா நோட்டு கூட வராது, பொய் சைட்டா நிஜ சைட்டான்னு நோட்டு சொல்லாது (இதுக்கு கீழ வர்றேன்). போன் நோட்ஸ் ஆப்லயோ, உங்களுக்கே நீங்க அனுப்பின மெசேஜ்லயோ எழுதி வெச்சிருந்தா அதை மட்டும் இன்னைக்கே நிறுத்திடுங்க.

க்ரோமே சேவ் பண்ணவான்னு கேக்குதே அண்ணா, அதுக்கு ஓகே குடுத்தா பத்தாதா?

ஒண்ணுமே இல்லாம இருக்கறதுக்கு அது எவ்வளவோ மேல். ஆப்பிள் சாதனங்க மட்டுமே வெச்சிருக்கவங்களுக்கு 2024-ல ஐஓஎஸ் 18 கூட வந்த 'பாஸ்வேர்ட்ஸ்' ஆப் நல்லாவே போதும், ஆப்பிளால கூட உள்ள பாக்க முடியாத மாதிரி தான் அது பூட்டப்பட்டிருக்கு. க்ரோம்ல சேவ் பண்றது உங்க கூகுள் அக்கவுண்ட்டோட கட்டினது, அதனால அந்த அக்கவுண்ட்டுக்கு தனி பாஸ்வேர்டும் டூ ஸ்டெப்பும் (பாஸ்வேர்டுக்கு மேல இன்னொரு கோடும் கேக்குறது) போட்டே ஆகணும், செட்டிங்ஸ்ல ஆன் டிவைஸ் என்கிரிப்ஷன்னு (உங்க சாதனத்துலயே பூட்டுறது) ஒண்ணு இருக்கும், அதையும் ஆன் பண்ணலாம்.

தனி ஆப்போட லாபம் என்னன்னா, ஆபீஸ்ல விண்டோஸ், கைல ஆண்ட்ராய்ட், வீட்ல வேற ப்ரவுசர்னு இருந்தாலும் ஒரே மாதிரி ஓடும், பாஸ்வேர்ட் மட்டும் இல்லாம லைசென்ஸ் நம்பர், ரெக்கவரி கோட் (லாகின் ஆக முடியாம மாட்டினா உள்ள போக சைட் குடுக்குற அவசர கோட்) எல்லாம் வைக்கலாம். இன்னொண்ணு, கம்ப்யூட்டர்ல நுழையற திருட்டு புரோகிராம்கள் மொதல்ல தேடுறது ப்ரவுசர் சேவ் பண்ணி வெச்சிருக்கிற பாஸ்வேர்டை தான்.

அந்த கம்பெனிக்காரன் உள்ள உக்காந்து என் பாஸ்வேர்டை எல்லாம் பாக்க மாட்டானா?

ஒழுங்கா கட்டின மேனேஜர்ல அவங்க நினைச்சாலும் முடியாது. நீங்க மாஸ்டர் பாஸ்வேர்ட் அடிக்கும்போது உங்க போன்லயோ கம்ப்யூட்டர்லயோ வெச்சே அதை லட்சக்கணக்கான தடவ அரைச்சு ஒரு சாவி உருவாக்கும், பிட்வார்டன்ங்கற மேனேஜர்ல இப்ப டிஃபால்ட்டா 6 லட்சம் தடவ. அந்த சாவிய வெச்சு உங்க சாதனத்துலயே பூட்டிட்டு, பூட்டின பொட்டலத்தை மட்டும் தான் அவங்க சர்வருக்கு அனுப்பும். மாஸ்டர் பாஸ்வேர்டும் போகாது, சாவியும் போகாது. எதுக்கு 6 லட்சம் தடவன்னா, நம்மள மாதிரி ஒரு தடவ அடிக்கிறவங்களுக்கு அது ஒரு செகண்ட் கூட ஆகாது, ஆனா கோடிக்கணக்குல யூகிச்சு பாக்குறவனுக்கு ஒவ்வொரு யூகத்துக்கும் அதே அரைப்பு அரைச்சே ஆகணும்.

1பாஸ்வேர்ட்ங்கற இன்னொரு மேனேஜர் இன்னும் ஒரு படி போய் 34 எழுத்து கொண்ட சீக்ரெட் கீ ஒண்ணை உங்க சாதனத்துல உருவாக்கி அதையும் மாஸ்டர் கூட சேத்துடும், அதனால சர்வர்ல இருந்து பொட்டலத்தை தூக்கினாலும் மாஸ்டரை யூகிச்சு மட்டும் திறக்க வழியில்ல.

லாஸ்ட்பாஸை ஹேக் பண்ணிட்டாங்கல்ல? அப்புறம் எதை நம்பி வைக்க சொல்றீங்க?

லாஸ்ட்பாஸும் ஒரு பாஸ்வேர்ட் மேனேஜர் தான், நடந்தது உண்மை. 2022 ஆகஸ்ட்ல ஆரம்பிச்சு, அந்த வருஷம் டிசம்பர்ல அவங்களே ஒத்துக்கிட்டாங்க, கஸ்டமர்களோட பெட்டிங்களோட பேக்கப்பையே காப்பி பண்ணிட்டு போயிட்டாங்கன்னு. உள்ள வந்த வழி ஒரு இன்ஜினியரோட வீட்டு கம்ப்யூட்டர், அதுல ஒரு மீடியா சாஃப்ட்வேர் ஓட்டை வழியா கீலாகர் (அடிக்கிற எழுத்தை எல்லாம் பதிவு பண்ற திருட்டு புரோகிராம்) போட்டு அவரோட மாஸ்டர் பாஸ்வேர்டை எடுத்தாங்க.

ஆனா இதுல கத்துக்க வேண்டியது நிறைய இருக்கு, அதனால கொஞ்சம் நின்னு படிங்க. திருடினவங்க கைக்கு போனது பூட்டின பொட்டலம். யாரோட மாஸ்டர் நீளமா, வேற எங்கயும் போடாததா இருந்துச்சோ அவங்க பொட்டலத்தை உடைக்கிறது நடக்காத காரியம். மாட்டினவங்க யாருன்னா சின்ன மாஸ்டர் வெச்சவங்க, அப்புறம் பழைய கஸ்டமர்கள். மேல சொன்னேனே அரைப்பு, அது புதுசா சேந்தவங்களுக்கு 1 லட்சத்துக்கு மேல இருந்துச்சு, ஆனா பழைய அக்கவுண்ட்கள்ல பல 5000-லயே கிடந்துச்சு, கம்பெனி அதை தானா ஏத்தி விடல. கூடவே சைட் முகவரிகளை அவங்க பூட்டாமலே வெச்சிருந்தாங்க, அதனால யார் யார் எந்தெந்த சைட்ல இருக்காங்கன்னு திருடனுக்கு தெரிஞ்சு போச்சு. எனக்கு கோவம் வந்தது இங்க தான், ஏன்னா இது ரெண்டும் முன்னாடியே சரி பண்ணியிருக்க கூடியது.

அதனால சர்வர் திருடு போகவே போகாதுன்னு நம்ப வேண்டாம், ஒரு நாள் போகும்னு வெச்சுக்கிட்டே, அப்படி போனாலும் திறக்க முடியாதபடி கட்டியிருக்காங்களான்னு பாருங்க.

சரி, ஒரே ஒரு பேர் சொல்லுங்க, எதை போடட்டும்?

யோசிக்க நேரம் இல்லாதவங்களுக்கு நான் சொல்றது பிட்வார்டன். ஓப்பன் சோர்ஸ் (அதோட கோடை யார் வேணும்னாலும் பாக்கலாம்), எல்லா சாதனத்துலயும் ஓடும், ஃப்ரீ பிளான்லயே எத்தனை பாஸ்வேர்ட் வேணும்னாலும் எத்தனை சாதனத்துல வேணும்னாலும் வைக்கலாம். காசு குடுக்க தயார், கொஞ்சம் வழவழப்பா வேணும்னா 1பாஸ்வேர்ட். ஆப்பிள் மட்டும்னா மேல சொன்னது. நெட்லயே வைக்க மாட்டேன்னா கீபாஸ்எக்ஸ்சி, அதுக்கு தனி கேள்வி வருது.

வேற எதையாவது யாராவது சிபாரிசு பண்ணினா இதெல்லாம் பாருங்க: பூட்டுறது நம்ம சாதனத்துலயே நடக்குதா, வெளி ஆளுங்களை வெச்சு செக்யூரிட்டி ஆடிட் பண்ணி அந்த ரிப்போர்ட்டை வெளிய போடுறாங்களா, நம்ம டேட்டாவை எப்ப வேணும்னாலும் எக்ஸ்போர்ட் பண்ணி எடுத்துட்டு போக விடுறாங்களா. இது போக, பிரச்சனை வந்தப்போ என்ன பேசினாங்கன்னு தேடி பாருங்க, நான் ரொம்ப மதிக்கிற விஷயம் அது. 'ராணுவ தர என்கிரிப்ஷன்'னு விளம்பரம் பண்றதை எல்லாம் கணக்குலயே எடுக்காதீங்க, அவங்க சொல்ற ஏஇஎஸ்-256ங்கற பூட்டு முறை எல்லாரும் போடுறது தான்.

ஃப்ரீயா குடுக்குறான்னா நம்ம டேட்டாவை விக்கிறான்னு தானே அர்த்தம்?

பல ஆப்புக்கு அது பொருந்தும், நல்ல சந்தேகம் தான். பிட்வார்டன் மாதிரி ஆளுங்களுக்கு வருமானம் கம்பெனிங்க குடுக்குற சந்தாவும் பிரீமியம் பிளானும். விக்கணும்னு நினைச்சாலும் பூட்டின பொட்டலத்தை யார் வாங்குவா? ஆனா ஆப் ஸ்டோர்ல பேரே கேள்விப்படாத, விளம்பரம் ஓடுற 'பாஸ்வேர்ட் சேவர்' ஆப்பெல்லாம் இருக்கும், அந்த பக்கமே போகாதீங்க.

எனக்கு கிளவுடே வேணாம், என் கம்ப்யூட்டர்லயே வெச்சுக்கறேன். முடியுமா?

தாராளமா. கீபாஸ் 2003-ல இருந்து இருக்கு, அதே குடும்பத்துல கீபாஸ்எக்ஸ்சி விண்டோஸ், மேக், லினக்ஸ் மூணுலயும் ஓடும். எல்லாம் ஒரே ஒரு ஃபைல்ல பூட்டி இருக்கும், அந்த ஃபைல் உங்க பொறுப்பு. அந்த பொறுப்புல தான் விஷயமே இருக்கு, ஹார்ட் டிஸ்க் போச்சுன்னா பேக்கப் இல்லாதவங்களுக்கு அத்தனையும் போச்சு, போன்ல ஒண்ணு கம்ப்யூட்டர்ல ஒண்ணுன்னு மாத்தி மாத்தி சேவ் பண்ணா எது புதுசுன்னு குழம்பும். மாசம் ஒரு தடவ ஒழுங்கா பேக்கப் எடுக்குற பழக்கம் ஏற்கனவே இருக்கா? இருந்தா போடுங்க. இல்லன்னா திருடனை விட ஹார்ட் டிஸ்க் தான் உங்களுக்கு பெரிய எதிரி.

மாஸ்டர் பாஸ்வேர்ட் எப்படி வைக்கிறது? மறக்கவும் கூடாது, யாரும் கண்டுபிடிக்கவும் கூடாதுன்னா எப்படி?

சம்பந்தமே இல்லாத அஞ்சு ஆறு வார்த்தை. முக்கியமானது, அந்த வார்த்தைகளை நீங்க தேர்ந்தெடுக்க கூடாது, தாயக்கட்டை மாதிரி எதுவோ தேர்ந்தெடுக்கணும். 2016-ல இஎஃப்எஃப்ங்கற டிஜிட்டல் உரிமை அமைப்பு 7,776 இங்கிலீஷ் வார்த்தை கொண்ட ஒரு பட்டியல் போட்டாங்க, ஆறு முக பகடையை அஞ்சு தடவ உருட்டினா ஒரு வார்த்தை கிடைக்கும். அஞ்சு வார்த்தைக்கு எத்தனை வாய்ப்புன்னா சுமார் 2.8 லட்சம் கோடி கோடி. அதோட 6 லட்சம் அரைப்பையும் சேத்து யோசிச்சு பாருங்க. மேனேஜருக்குள்ளயே இப்படி வார்த்தைகளை போட்டு குடுக்குற பாஸ்ஃப்ரேஸ் ஜெனரேட்டர் இருக்கும், பகடை இல்லன்னா அது போதும்.

தமிழ் வார்த்தை வைக்கலாமான்னு நிறைய பேர் கேக்குறாங்க. இங்கிலீஷ் எழுத்துல அடிக்கிற தமிழ்ல ஒரு சிக்கல் இருக்கு, 'வாழை'ன்னு அடிக்க ஒரு நாள் ஒரு 'ஏ' போடுவோம், இன்னொரு நாள் ரெண்டு 'ஏ' போடுவோம், 'ழ'வுக்கு ஒரு நாள் 'இசட்ஹெச்' ஒரு நாள் 'எல்', ஆறு மாசம் கழிச்சு எதை போட்டோம்னு தெரியாது. தமிழ் எழுத்துலயே வெச்சா வேற கம்ப்யூட்டர்ல கீபோர்ட் இருக்காது. அதனால ஸ்பெல்லிங்ல குழப்பமே வராத வார்த்தைகளா எடுங்க. பாட்டு வரி, பழமொழி, பசங்க பேரு, பிறந்த தேதி இதெல்லாம் வேணாம், நமக்கு தோணுறது தான் திருடனுக்கும் மொதல்ல தோணும்.

மாஸ்டரையே மறந்துட்டா என்ன பண்றது?

அவங்களால உள்ள பாக்க முடியாதுன்னு சொன்னேன்ல, அதோட மறுபக்கம் இது. அவங்களால திறந்தும் குடுக்க முடியாது. கஸ்டமர் கேர்ல கெஞ்சினாலும் நடக்காது, நடந்துச்சுன்னா தான் பயப்படணும்.

அதனால மொத நாளே ஒரு பேப்பர்ல எழுதுங்க, ஆமா பேப்பர்ல தான், மாஸ்டர், எந்த இமெயில், ரெக்கவரி கோட் இருந்தா அது, எல்லாத்தையும் எழுதி முக்கியமான பத்திரங்க இருக்கிற இடத்துல வைங்க. அப்புறம் கைரேகை வெச்சு திறக்க பழகினா ரெண்டு மூணு மாசம் மாஸ்டரை அடிக்கவே மாட்டீங்க, விரல் மறந்துடும். வாரத்துக்கு ஒரு தடவயாவது கையால அடிங்க.

கைரேகை போட்டா பாதுகாப்பு கம்மியாகுமா? போன் தொலைஞ்சா?

கைரேகை உங்க போன் வரைக்கும் ஒரு குறுக்கு வழி, அவ்ளோ தான். அது சர்வருக்கு போறதில்ல, மாஸ்டருக்கு பதிலாவும் ஆகாது. பொது இடத்துல நாலு பேர் பாக்க மாஸ்டரை அடிக்கிறதுக்கு கைரேகை நல்லதுன்னே சொல்வேன். போன் தொலைஞ்சா வேற சாதனத்துல லாகின் பண்ணி அந்த போன் செஷனை வெளிய தள்ளிடுங்க, பெட்டி சர்வர்ல பத்திரமா இருக்கும். ஆட்டோ லாக் நேரத்தை மட்டும் 'நெவர்'னு வைக்காதீங்க.

ஓடிபி கோடையும் அதே மேனேஜர்ல வைக்கலாமா? அப்புறம் டூ ஃபேக்டர்னு சொல்றதுல என்ன இருக்கு?

30 செகண்டுக்கு ஒரு தடவ மாறுற அந்த ஆறு இலக்க கோடை தானே சொல்றீங்க. பாஸ்வேர்டும் கோடும் ஒரே பெட்டில இருந்தா பெட்டி போனா ரெண்டும் போகும், சரி தான். ஆனா சாதாரண அக்கவுண்ட்கள் லீக் ஆகுறது சைட் பக்கம் இருந்து, அதுக்கு எதிரா கோட் எங்க இருந்தாலும் காப்பாத்தும். வேற ஆப் திறந்து பாக்க சோம்பல்பட்டு கோடே போடாம விடுறதுக்கு, உள்ளயே வைக்கிறது மேல்னு தான் நினைக்கிறேன்.

ரெண்டே ரெண்டுக்கு மட்டும் வெளிய வைங்க: உங்க முக்கிய மெயில், மேனேஜரோட சொந்த லாகின். மேனேஜர் லாகினுக்கான கோடை மேனேஜருக்குள்ளயே வெச்சா, பெட்டியோட சாவிய பெட்டிக்குள்ள போட்டு பூட்டின மாதிரி ஆகிடும். எனக்கே ஒரு தடவ போன் தண்ணில விழுந்து கோட் ஆப் போயிடுச்சு, ரெக்கவரி கோட் எழுதி வைக்கல, ஒரு அக்கவுண்ட்டை திரும்ப வாங்க ரெண்டு வாரம் ஆச்சு. அந்த ரெண்டு வாரம் நான் பட்ட பாட்டை நீங்க படாதீங்க, அந்த கோட்களும் மேல சொன்ன அதே பேப்பர்ல போகட்டும்.

தானா வந்து ஃபில் ஆகுதே, பொய் சைட்ல ஃபில் ஆயிட்டா?

நடக்குறது நேர் எதிர். நம்ம கண்ணு லோகோவை பாக்கும், மேனேஜர் முகவரிய மட்டும் தான் பாக்கும். ஒரு எழுத்து மாறியிருந்தாலும் அது வாயே திறக்காது. வழக்கமா நிரப்புற சைட்ல திடீர்னு நிரப்பலன்னா, காப்பி பேஸ்ட் பண்ண அவசரப்படாம மேல இருக்கிற முகவரிய எழுத்து எழுத்தா படிங்க.

முழுக்க ஆபத்தில்லைன்னும் சொல்ல மாட்டேன். 2025 ஆகஸ்ட்ல ஒரு ஆராய்ச்சியாளர், பேஜ்ல கண்ணுக்கு தெரியாத மாதிரி மேனேஜரோட பட்டனை வெச்சு நம்மளையே கிளிக் பண்ண வைக்கலாம்னு பல பிரபல மேனேஜர் எக்ஸ்டென்ஷன்கள்ல (ப்ரவுசர்ல சேக்குற துணை புரோகிராம்) காட்டினார். அதனால பேஜ் லோடானதுமே தானா நிரப்புற ஆப்ஷனை ஆஃப் பண்ணுங்க, நீங்க அமுத்தினா மட்டும் நிரப்பட்டும். அப்டேட்டை தள்ளி போடாதீங்க. கார்டு நம்பர், வீட்டு அட்ரஸ் இதெல்லாம் எக்ஸ்டென்ஷன் வழியா நிரப்பாம இருக்கிறது இன்னும் நல்லது.

கம்ப்யூட்டர்லயே வைரஸ் இருந்தா?

அப்போ எந்த மேனேஜரும் காப்பாத்தாது, நோட்டும் காப்பாத்தாது. நீங்க அடிக்கிறதை அது பாக்குது, திறந்த பெட்டியை அது பாக்குது. 2023-ல கீபாஸ்லயே ஒரு ஓட்டை கண்டுபிடிச்சாங்க, கம்ப்யூட்டர் மெமரில இருந்து மாஸ்டர் பாஸ்வேர்டை மொத எழுத்து தவிர கிட்டத்தட்ட முழுசா எடுக்கலாம்னு, அப்புறம் 2.54 வெர்ஷன்ல சரி பண்ணாங்க. கிராக் பண்ணின சாஃப்ட்வேர் போடுற கம்ப்யூட்டர்ல மாஸ்டரை அடிக்காதீங்க. பிரௌசிங் சென்டர், அடுத்தவங்க லேப்டாப், அங்கயும் வேணாம், அவசரம்னா போன்ல திறந்து அந்த ஒரு பாஸ்வேர்டை மட்டும் பாத்து அடிங்க, வீட்டுக்கு வந்து அதை மாத்திடுங்க.

என்கிட்ட 150 அக்கவுண்ட் இருக்கும் அண்ணா, எல்லாத்தையும் உக்காந்து மாத்தணுமா?

வேணாம், அப்படி ஆரம்பிச்சவங்க பாதில விட்டுட்டு போறதை தான் பாத்திருக்கேன். மொத நாள் மெயில் மட்டும் மாத்துங்க. அந்த வாரத்துல பணம் சம்பந்தப்பட்டது. அப்புறம் எதையும் தேடிப் போக வேணாம், எந்த சைட்டுக்கு போறீங்களோ அன்னைக்கு அதை மாத்துங்க, மூணு நாலு மாசத்துல பெரும்பாலும் முடிஞ்சிருக்கும்.

லீக் ஆனது எதுன்னு பாக்கணும்னா 'ஹேவ் ஐ பீன் பௌன்ட்'னு 2013-ல டிராய் ஹன்ட் ஆரம்பிச்ச சைட் இருக்கு, மெயில் ஐடிய போட்டா எந்தெந்த லீக்ல மாட்டியிருக்குன்னு சொல்லும். பல மேனேஜர்ங்க உள்ளயே இதை வெச்சு பாஸ்வேர்டையும் சரிபாக்கும், அப்படி பாக்கும்போது பாஸ்வேர்டை அனுப்புறதில்ல, அதை உருமாத்தின ஹேஷோட மொத 5 எழுத்தை மட்டும் அனுப்பி மிச்சத்தை உங்க சாதனத்துலயே ஒத்துப் பாக்கும்.

மூணு மாசத்துக்கு ஒரு தடவ எல்லாத்தையும் மாத்தணும்னு ஆபீஸ்ல சொல்றாங்களே?

பழைய விதி. அமெரிக்காவோட தர நிர்ணய அமைப்பு நிஸ்ட் 2017-லயே சொல்லிடுச்சு, லீக் ஆனதுக்கு அடையாளம் இருந்தா மாத்த சொல்லுங்க, காலண்டரை பாத்து மாத்த சொல்லாதீங்கன்னு. அடிக்கடி மாத்த சொன்னா ஜனங்க கடைசி நம்பரை ஒண்ணு ரெண்டு மூணுன்னு ஏத்துறாங்க, வேற ஒண்ணும் நடக்கறதில்ல. ஆபீஸ் விதிய நீங்க மீற முடியாது, மேனேஜரே புதுசு போட்டு குடுக்கட்டும்.

பாஸ்கீ வந்துடுச்சாமே, இனிமே இதெல்லாம் எதுக்கு?

பாஸ்கீன்னா பாஸ்வேர்ட் அடிக்கிறதுக்கு பதிலா உங்க பக்கம் இருக்கிற ஒரு டிஜிட்டல் சாவிய வெச்சு லாகின் பண்றது, 2022-ல ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட் மூணும் சேந்து ஆதரவு அறிவிச்சாங்க. பாஸ்கீல சைட்கிட்ட ரகசியமே இருக்காது, அவங்ககிட்ட இருக்கிறது பொது சாவி, அதை திருடி பிரயோஜனம் இல்ல, பொய் சைட்ல வேலையும் செய்யாது. நிஜமாவே நல்ல முன்னேற்றம், குடுக்குற இடத்துல எல்லாம் போடுங்க. ஆனா அந்த பாஸ்கீய எங்க வைப்பீங்க? அதுக்கும் ஒரு பெட்டி வேணும், மேல சொன்ன மேனேஜர்ங்க எல்லாமே இப்ப பாஸ்கீயும் வைக்கும். எல்லா சைட்டும் மாறுற வரைக்கும் ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருக்கும்.

நாளைக்கு வேற மேனேஜருக்கு மாறணும்னா?

சிஎஸ்வியா (சாதாரண பட்டியல் ஃபைல்) எக்ஸ்போர்ட் பண்ணி புதுசுல இம்போர்ட் பண்ணா பத்து நிமிஷம். அந்த சிஎஸ்வில எல்லாமே பூட்டில்லாம கிடக்கும், மெயில்ல அனுப்பாதீங்க, வேலை முடிஞ்சதும் அழிச்சுட்டு ரீசைக்கிள் பின்னையும் காலி பண்ணுங்க. பாஸ்கீங்க பெரும்பாலும் இந்த ஃபைல்ல வராது, அதை புதுசா போடணும்.

எனக்கு ஏதாவது ஆயிட்டா வீட்ல எப்படி எடுப்பாங்க?

இதை கேட்டது ரொம்ப கம்மி பேர், எல்லாரும் கேக்கணும்னு ஆசைப்படுறேன். பிட்வார்டன் பிரீமியம்ல எமர்ஜென்சி ஆக்சஸ்னு இருக்கு, நம்பிக்கையான ஒருத்தரை குறிச்சு வெச்சா, அவங்க கேட்டதுல இருந்து நீங்க சொன்ன அத்தனை நாள் வரைக்கும் நீங்க மறுக்கலன்னா அவங்களுக்கு திறக்கும். ஆப்பிள்ல லெகசி கான்டாக்ட்னு ஒண்ணு இருக்கு, நமக்கு அப்புறம் அக்கவுண்ட்டை பாக்க ஒருத்தரை குறிச்சு வைக்கிறது, போட்டோ எல்லாம் கிடைக்கும், ஆனா கீசெயின்ல (ஆப்பிள் பாஸ்வேர்ட் சேமிக்கிற இடம்) இருக்கிற பாஸ்வேர்ட் கிடைக்காது, அதை நம்பி இருக்காதீங்க.

எல்லாத்தையும் விட சுலபம் அந்த பேப்பர். அது எங்க இருக்குன்னு வீட்ல ஒருத்தருக்கு சொல்லுங்க. சொன்னதோட விடாம, ஒரு ஞாயித்துக்கிழமை நீங்க பக்கத்துல உக்காந்து, வாயே திறக்காம, அந்த பேப்பரை மட்டும் வெச்சு அவங்க லேப்டாப்ல அவங்க கையால உங்க பெட்டிய திறக்க சொல்லுங்க. எங்க தடுமாறுறாங்களோ அங்க ஒரு வரி சேத்து எழுதுங்க.